இரண்டாவது டெம்போவின் சாவி

பொள்ளாச்சியில் ஒரு குரு இருந்தாள். வயது முப்பத்தொன்று. தலையில் மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் அகலமான பெல்ட், காலில் தோல் பூட்ஸ். பெயர் யசோதா. வனவியல் படித்தவள். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த கிளையை இறக்குவது, பூச்சி அரித்த கொப்பை அறுப்பது, விழப்போகிற மரம் எது, விழாத மரம் எது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது, இதுதான் அவள் தொழில்.

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. பெயர் நாச்சிமுத்து. முப்பது வருடம் மின்கம்பம் ஏறிய லைன்மேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆறு மாதம் வீட்டில் இருந்து பார்த்தார். ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போட வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். நீங்கள் எங்கேயாவது போய் எதிலாவது ஏறுங்கள் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். மறுநாள் காலை யசோதாவின் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

குரு, சீடர் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதில்லை. அவர் அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். ஆனால் தினமும் காலையில் கயிறு சுருட்டும்போது அவர் ஒரு கேள்வி கேட்பார். அவள் பதில் சொல்லாமல் ஒரு வேலை கொடுப்பாள். பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

இப்படி இரண்டு வருடம் ஓடியது.

அந்த வருடம் சித்திரையில் அடித்த கோடைக் காற்றுக்குப் பிறகு யசோதாவின் போன் ஓயவில்லை. ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் மரத்தை வெட்ட வரச் சொல்வார். ஒருவர் கிளையில் குளவிக்கூடு இருப்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார். ஒருவர் வேலையெல்லாம் முடிந்த பிறகு, இலைதான் போகும் என்று நினைத்தேன், நிழலும் போய்விட்டதே என்று வருத்தப்படுவார். ஒரே குழுவை வைத்துக்கொண்டு இத்தனை பேருக்கும் ஓட முடியவில்லை.

அதனால் கொட்டகைக்கு இரண்டாவது டெம்போ ஒன்று வந்தது. வண்டி பழசு, பச்சைப் பெயின்ட் மட்டும் புதுசு. இரண்டாவது வண்டி என்றால் இரண்டாவது குழு. இரண்டாவது குழு என்றால் அதற்கு ஒரு தலைவர். சாவி கொட்டகைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. நாச்சிமுத்து அந்த வண்டியைத் தினமும் கழுவினார். கழுவும்போது கை வண்டியில் இருக்கும், கண் ஆணியில் இருக்கும்.

சாவி ஏன் இன்னும் ஆணியிலேயே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். போன மாதம் ஒரு பள்ளிக்கூட வேப்பமரத்துக்கு அவரோடு மூன்று பேரை அனுப்பி வைத்தாள் யசோதா. மரத்தில் ஏறியது சகாயம். முப்பது வயது. ஏறினால் அணில், இறங்கினால் வாய். நாச்சிமுத்து கீழே நின்றுகொண்டு ஐந்து மணி நேரம் பேசினார். இங்கே கால் வை, அங்கே வைக்காதே, ரம்பத்தைச் சாய்க்காதே, நிமிர்த்தாதே, தண்ணீர் குடி, இப்போது போதும். வேலை சுத்தமாகத்தான் முடிந்தது. ஆனால் திரும்பி வந்த சகாயம், செவ்வெறும்புக் கூட்டுக்குள் சட்டையில்லாமல் ஏறச் சொன்னாலும் ஏறுகிறேன், இந்த அண்ணன் குழுவில் மட்டும் போடாதீர்கள் என்று யசோதாவிடம் சொல்லிவிட்டான். மற்ற இரண்டு பேரும் மறுநாள் வேலைக்கே வரவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. வைகாசியில் ஒரு காலை, கயிறு சுருட்டும்போது அதையே கேட்டார்.

"அம்மிணி, நாலு பேரை வச்சு வேலை வாங்கறது எப்படீங்க?"

யசோதா கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள். எழுந்து போய் ஆணியிலிருந்த சாவியை எடுத்தாள். தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னைக்குக் கயிறு நீங்க பிடிங்கண்ணா."

நாச்சிமுத்துவின் நெஞ்சு ஒரே நேரத்தில் ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. சாவி ஆணியை விட்டுக் கிளம்பிவிட்டது, அது நல்ல சேதி. ஆனால் கயிறு பிடிப்பது கீழே நிற்கிற வேலை. முப்பது வருடம் கம்பத்து உச்சியில் நின்றவருக்குத் தரையில் நிற்பது வேலையாகவே படுவதில்லை. இருந்தாலும் இன்று ஏதோ நடக்கப்போகிறது என்று மட்டும் தெரிந்தது. டெம்போவில் முதல் ஆளாக ஏறிக்கொண்டார்.

அவர்கள் போன இடம் ஒரு கல்யாண மண்டபம். பின்பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம். இரவுக் காற்றில் அதன் ஒரு கிளை பாதி முறிந்து, சமையல் கூடத்தின் தகரக் கூரைக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றது. மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். மாலை நான்கு மணிக்குப் பெண்வீட்டார் வந்து இறங்குகிறார்கள். மண்டபக்காரர் வையாபுரி வேட்டியை மடித்துக் கட்டியபடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். கிளை என்ன கிளை, மரத்தையே சாய்த்துவிடுங்கள், எனக்கு இந்த வம்பே வேண்டாம் என்றார்.

யசோதா மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். காதை வைத்துக் கேட்டாள். உள்ளே பொந்து எதுவும் இல்லை, சத்தம் கெட்டியாக வந்தது. மரம் உங்கள் பேரன் கல்யாணத்துக்கும் நிற்கும், முறிந்த கிளையை மட்டும்தான் எடுப்பேன் என்று அவரிடம் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

அடுத்த சிக்கல் சமையல்காரர். அடுப்புப் பற்ற வைத்தாயிற்று, சர்க்கரைப்பாகு கொதிக்கிறது, இந்த நேரத்தில் என்னால் நகர முடியாது என்று கரண்டியோடு நின்றார். யசோதா வாதாடவில்லை. கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அவர் தகரத்தின் ஓட்டை வழியாக அண்ணாந்து பார்த்தார். ஐந்தே நிமிடத்தில் அடுப்பும் அண்டாவும் மண்டபத்தின் முன்பக்கம் போய்விட்டன.

முறிந்த கிளையை ஏழு துண்டாக இறக்குவதென்று முடிவானது. நுனியில் சின்னத் துண்டுகள், அடிமரத்தை ஒட்டி இருப்பது பெரிய துண்டு. மேலே கிளை பிரிகிற ஒரு கவையில் கப்பி கட்டி, அதில் தடிமனான கயிற்றைப் போட்டார்கள். கயிற்றின் ஒரு முனை அறுக்கப்போகிற துண்டில். மறுமுனை கீழே வந்து, அடிமரத்தைச் சில சுற்றுச் சுற்றி, நாச்சிமுத்துவின் கையில். துண்டு அறுந்ததும் அதன் பாரம் முழுக்க அவர் கைக்கு வரும். தகரத்தில் இடிக்காமல் பக்கவாட்டில் இழுக்க இன்னொரு சின்னக் கயிறு; அது சகாயத்திடம். விழுகிற கொப்பை ஒதுக்க இரண்டு புது ஆட்கள்.

யசோதா ஏறினாள். நல்ல கிளை ஒன்றில் தன்னைக் கட்டிக்கொண்டாள். அவள் நகரும்போதெல்லாம் இடுப்பில் சாவி மினுங்கியது.

நாச்சிமுத்து கயிற்றை அடிமரத்தில் நான்கு சுற்றுச் சுற்றினார். வேரில் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இறுக்கினார். கம்பியைத் தொய்யவிடாமல் இழுத்துக் கட்டிய கை அது. தொய்ந்த கம்பி ஆளைக் கொல்லும் என்று முப்பது வருடம் படித்த கை. இறுக்கிக்கொண்டே, சகாயத்தை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். புது ஆட்களை ஓரம் போகச் சொன்னார். மேலே பார்த்து, இன்னும் ஒரு சாண் தள்ளி அறுங்கள் என்று குருவுக்கும் ஒரு யோசனை சொன்னார்.

மோட்டார் ரம்பம் உறுமியது. துண்டு அறுந்தது. ஓரடி விழுந்து, கயிறு வெடுக்கென்று நிற்க, மரமே ஒரு குலுக்குக் குலுங்கியது.

மேலே யசோதா ஊஞ்சல் மாதிரிப் போய் அடிமரத்தில் மோதினாள்.

ரம்பம் அணைந்து அவள் பெல்ட்டில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவள் மெல்ல ஒரு கையைத் தூக்கி, ஒன்றுமில்லை என்று காட்டினாள். அவள் உதடு கிழிந்து ரத்தம் வருவது கீழேயிருந்தே தெரிந்தது.

சகாயம் தன் கயிற்றைக் கீழே போட்டான்.

"ஏனுங்ண்ணா, கரண்டுக் கம்பின்னு நெனச்சுட்டீங்களா?"

நாச்சிமுத்து கயிற்றை மெல்லத் தளர்த்தித் துண்டைத் தரையில் இறக்கினார். சகாயம் சொன்னதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சாவி, டெம்போ, தலைவர் எல்லாம் அந்த நொடியில் எங்கேயோ போய்விட்டன. யசோதா கீழே இறங்கி வந்ததும் கயிற்று முனையை நீட்டினார்.

"சகாயத்துக்கிட்டக் குடுத்தர்றேனுங்க, அம்மிணி. எனக்கு இது வராது."

அவள் சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றைத் தானே வாங்கிக்கொண்டாள். ரம்பத்தை அவரிடம் கொடுத்தாள்.

"நீங்க மேல ஏறுங்கண்ணா."

மேலே என்ற சொல்லைக் கேட்டதும் அவர் உடம்புக்கு உயிர் வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதும் கீழேயே நின்றுகொள்ள, மனிதர் மட்டும் ஏறினார். உச்சியில் காற்று. தூரத்தில் தென்னந்தோப்புகள். அதற்கும் அப்பால் நீலமாக மலை. தன்னைக் கட்டிக்கொண்டு இரண்டாவது துண்டை அறுத்தார்.

துண்டு அறுந்ததும் மரம் வெடுக்கென்று உலுக்கியது. பல்லோடு பல் மோதிக் 'கடக்' என்றது. கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கீழே பார்த்தார். அடிமரத்தில் நான்கு சுற்று. யசோதா அவரைப் போலவே வேரில் காலை ஊன்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். கிழிந்த உதட்டுக்குக் கணக்குத் தீர்க்கிறாள் என்று நினைத்தார். தீர்க்கட்டும், அது நியாயந்தான்.

கீழே அவள், கயிறு ஓட இடம் வைத்து, இரண்டு சுற்றைக் கழற்றினாள். கை காட்டினாள்.

மூன்றாவது துண்டை அறுத்ததும் அவர் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கிளையை அணைத்துக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. நின்றிருந்த பேருந்து கிளம்பும்போது வருமே, அப்படி ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது துண்டு தரையில் கிடந்தது. யசோதாவின் கையில் கயிறு தளர்ந்திருந்தது. அவள் துண்டைப் பார்க்கவில்லை. அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கே அறுப்பது, எப்படி நிற்பது என்று அவள் கீழேயிருந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது அவருக்கு இறங்கி வரும்போதுதான் உறைத்தது.

இறங்கி வந்தார். ரம்பத்தைக் கொடுத்துவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டார். தோல் கையுறையை மாட்டினார். அடிமரத்தில் கயிற்றை இரண்டே சுற்றுச் சுற்றினார். யசோதா மறுபடி ஏறினாள்.

நான்காவது துண்டு கொஞ்சம் குலுக்கியது. ஐந்தாவது அவ்வளவு குலுக்கவில்லை. ஆறாவது துண்டு ஓடி வந்து, வேகம் குறைந்து, தானாக நினைத்துக்கொண்டு நின்ற மாதிரி நின்றது. கயிறு கைக்குள் ஓடுவதும், ஓடுகிற கயிற்றை விரல்கள் லேசாகத் தடவிக் கேட்டுப் பார்ப்பதும் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொரு முறையும் துண்டு அறுந்ததும் அவர் கண் மேலே போனது. மஞ்சள் ஹெல்மெட் ஆடாமல் இருந்தால் சிரித்துக்கொண்டார்.

மணி மூன்றரை ஆனது. நாதஸ்வரக்காரர்கள் வந்துவிட்டார்கள். பந்தலுக்குள் போய் உட்காராமல் வாத்தியங்களோடு பின்பக்கம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்டாவை முன்பக்கம் விட்டுவிட்டுச் சமையல்காரரும் வந்துவிட்டார். ஓரமாக நின்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தார். பெண்வீட்டு வேன் பல்லடத்தைத் தாண்டிவிட்டதாம் என்று வையாபுரி வந்து சொன்னார், சிறிது நேரத்தில் அதையே திரும்பவும் வந்து சொன்னார்.

மிச்சம் இருந்தது ஏழாவது துண்டு. ஒரு மாட்டின் பருமன். தகரக் கூரைக்கு நேர் மேலே. நாச்சிமுத்து யோசித்து, இன்னும் ஒரு சுற்றைக் கூட்டிக்கொண்டார். சரியா என்று யசோதாவிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மேலிருந்து கை மட்டும் காட்டினாள்.

ரம்பம் வெகுநேரம் உறுமியது. மரத்தூள் மழையாகப் பெய்தது. ஒரு முறிவுச் சத்தம். பிறகு பாரம் வந்தது.

அவர் விட்டார். கயிறு சீறிக்கொண்டு ஓடியது. அடிமரத்துப் பட்டையிலிருந்து புகை வந்தது. கையுறை சுட்டு, தோல் பொசுங்கும் வாடை அடித்தது. மேலே மஞ்சள் ஹெல்மெட் அசையவில்லை. துண்டு கூரையின் பக்கம் சாய்வது தெரிந்தது. இடப்பக்கம் இழு என்று சகாயத்திடம் கத்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை, உடம்பில் இருந்த எல்லாமே கைக்குப் போய்விட்டிருந்தது. சகாயம் எப்போதோ இழுத்துவிட்டிருந்தான். துண்டு தகரத்துக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. இறங்கி, தயங்கி, நெஞ்சு உயரத்தில் வந்து நின்றது. ஓர் இலை மட்டும் தகரத்தில் உரசிச் சர்ரென்றது.



பிறகு தவில்காரர் தாங்க முடியாமல் கெட்டிமேளத்தை அடித்துவிட்டார். நாதஸ்வரக்காரர் அதோடு சேர்ந்துகொண்டார். சமையல்காரர் முறத்திலிருந்த அரிசியை அள்ளி அட்சதையாக வீசினார். அது நாச்சிமுத்துவின் தலையிலும், சகாயத்தின் தலையிலும், வெட்டிய மரத்துண்டின் மேலும் விழுந்தது. வையாபுரி இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. சகாயம் ஓடி வந்து நாச்சிமுத்துவின் ஒரு கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். சிவந்திருந்தது, பொத்துப்போகவில்லை.

"ஜோருங்ண்ணா."

அவன் வாயிலிருந்து வந்த ஒற்றைச் சொல். சகாயமும் புது ஆட்களும் துண்டைத் தரையில் இறக்கிக் கட்டை அவிழ்த்தார்கள். நாச்சிமுத்து அண்ணாந்தார். சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டிருந்தது அவர் முகம்.

"அம்மிணி, சாவிங்க?"

யசோதா மேலே உட்கார்ந்தபடி சிரித்தாள். வீங்கிய உதட்டோடு சிரித்ததால் அது ஒரு பக்கமாகத்தான் வந்தது. கயிற்று முனையை மேலே இழுத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் ரம்பத்தைக் கயிற்றில் கட்டி இறக்குவது வழக்கம். அணைத்த ரம்பத்தைக் கட்டினாள். பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி, எல்லோரும் பார்க்கும்படி ரம்பத்தின் பிடியில் முடிந்தாள். கயிற்றை விட்டாள்.

நாச்சிமுத்து சூடு ஆறாத கையால் கயிற்றை ஓடவிட்டார். ரம்பம் இறங்க ஆரம்பித்தது. அதன்மேல் சாவி ஆடிக்கொண்டு வந்தது. பச்சை டெம்போவின் கதவு திறக்கிற சத்தம்கூட அவர் காதில் கேட்டது. நாளைக் காலை முதல் ஆளாக யாரை ஏற்றுவது, கயிற்றை எந்தப் பக்கம் அடுக்குவது என்று மனம் ஓடியது.

ஓடிய மனம் கண்ணில் வந்து நின்றது. புது ஆட்கள் இருவரும் பெரிய கொப்பை அடிப்பக்கம் பிடித்து இழுக்காமல் நுனிப்பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னார். இலையைத் தனியாகக் கூட்டச் சொன்னார். அங்கே இல்லை, சுவரோரமாக என்றார். சகாயம் மரத்துண்டின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, முதலில் சின்னக் கயிற்றைச் சுருட்டு, அப்படி இல்லை, வலமாகச் சுருட்டு என்றார். பெண்வீட்டு வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. வையாபுரியிடம் வண்டியை எங்கே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். தவில்காரரிடம்கூட ஏதோ சொன்னார்.

சகாயம் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு அண்ணாந்து மேலே பார்த்தான். புது ஆட்களும் பார்த்தார்கள். அப்புறந்தான் நாச்சிமுத்துவும் பார்த்தார்.

மரத்துக்கும் தரைக்கும் நடுவில், கைக்கு எட்டாத உயரத்தில், ரம்பம் அசையாமல் தொங்கியது. சாவி மட்டும் மாலை வெயிலில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, விடுங்க. சாவி பாதியிலயே நிக்குதுங்களே."

"நான் அப்பவே விட்டுட்டேனுங்கண்ணா. கயிறு உங்க கையிலதான் இருக்குது."